ஃபெர்மென்டர் மூடி சரியாக உட்காரவில்லை, ஏர்லாக் அசையவே இல்லை. என்ன செய்யலாம்?

புதுநுரை:

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 30 லிட்டர் பிளாஸ்டிக் வாளி ஃபெர்மென்டர், அதாவது பீர் நொதிக்க வைக்கும் கலன். இப்போது அதில் 20 லிட்டர் வோர்ட் (நொதிக்க வேண்டிய மால்ட் சாறு) இருக்கிறது, தொடக்க அடர்த்தி 1.050 (தண்ணீர் 1.000). மூடியின் உள்விளிம்புப் பள்ளத்தில் ஒரு ரப்பர் வளையம், நடுவில் ஏர்லாக் (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத, தண்ணீர் ஊற்றிய சிறு குழாய்) செருக ஓட்டை. ஈஸ்ட் போட்ட மறுநாளே நுரை கட்டிவிட்டது, பக்கவாட்டில் டார்ச் அடித்தால் தெரிகிறது. ஆனால் ஏர்லாக் ஒரு குமிழ்கூட விடவில்லை. மூடியை ஒரு பக்கம் அழுத்தினால் எதிர்ப்பக்கம் லேசாக எழும்புகிறது. கைப்பிடி பக்கத்தில் மூக்கை வைத்தால் சுள்ளென்று ஏறுகிறது, வாயு அந்த வழியாகப் போகிறது போல.

இப்போதே மூடியைத் திறந்து வளையத்தைச் சரிசெய்யலாமா? அல்லது விளிம்பைச் சுற்றி சிலிக்கான் சீலன்ட் பூசி அடைத்துவிடலாமா? பீர் கெட்டுப்போகுமோ என்று பயமாக இருக்கிறது.

பழையபீப்பாய்:

முதலில் மூடியிலிருந்து கையை எடுங்கள். நுரை கட்டியிருக்கிறது, வாடை வருகிறது, அப்படியென்றால் ஈஸ்ட் வேலை செய்துகொண்டிருக்கிறது. ஏர்லாக் என்பது ஒரு வால்வு, அவ்வளவுதான். நொதித்தல் எந்த அளவில் நடக்கிறது என்று அது சொல்லாது. அதைச் சொல்வது அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர்.

ஏர்லாக்கில் குமிழ் வர வேண்டுமென்றால் உள்ளே இருக்கும் வாயு இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயரத் தண்ணீரைத் தள்ளியாக வேண்டும். 1 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) என்றால் கிட்டத்தட்ட 70 சென்டிமீட்டர் தண்ணீர். அந்தக் கணக்கில் பார்த்தால் ஏர்லாக் கேட்கும் அழுத்தம் 0.05 பிஎஸ்ஐகூட வராது. அதைவிட எளிதான வழி வளையத்தில் எங்கேயாவது கிடைத்தால் வாயு அதில்தான் போகும். தலைமுடி அகலச் சந்து போதும்.

உங்கள் அளவுக்கு, அடர்த்தி 1.050-இலிருந்து 1.012 வரை இறங்கினால் முக்கால் கிலோவுக்குச் சற்று முன்பின்னாகக் கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். அறை வெப்பத்தில் அது சுமார் 400 லிட்டர் வாயு. உங்கள் வாளியில் காலியாக இருக்கும் இடம் 10 லிட்டர். அந்த இடத்தை வாயு எத்தனை தடவை கழுவித் தள்ளுகிறது என்று நீங்களே போட்டுப் பாருங்கள். வெளிக்காற்று எதிர்நீச்சல் போட்டு உள்ளே வர இப்போது வழியில்லை. விடுங்கள், ஓடட்டும்.

ஹாப்ஸ்கொடி:

பீப்பாய் அண்ணா சொல்வதோடு ஒத்துப்போகிறேன், ஆனால் பாதி வரைதான். "ஓடட்டும்" என்று விட்டுவிட்டால் புதிதாக வருபவர்கள் மூடிக்கசிவு ஒரு பொருட்டே இல்லை என்று எடுத்துக்கொள்கிறார்கள். நொதித்தல் சூடுபிடித்து நடக்கும்வரை அது பொருட்டில்லைதான். பெரிய பீர் ஆலைகளே திறந்த தொட்டியில் நொதிக்க வைத்திருக்கிறார்கள், இங்கிலாந்தின் யார்க்ஷயர் கல்தொட்டிகளும் பவேரியக் கோதுமை பீரும் அப்படித்தான். ஆனால் ஈஸ்ட் ஓய்ந்தபிறகு அவர்கள் பீரை அந்தத் தொட்டியிலேயே விட்டுவைப்பதில்லை, மூடிய கலனுக்கு மாற்றிவிடுகிறார்கள்.

வாயு வருவது நின்றதும் அதே சந்து வழியாகக் காற்று உள்ளே பரவ ஆரம்பிக்கும். ஆக்சிஜன் பட்டால் ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) மணம் முதலில் போகும், அப்புறம் நனைந்த அட்டை வாசனை எட்டிப் பார்க்கும். அசிட்டிக் பாக்டீரியாவுக்கும் ஆக்சிஜன் கிடைத்தால் கொண்டாட்டம், வினிகர் புளிப்பு அங்கிருந்துதான் வருகிறது. பழ ஈ நுழையும் அளவுக்குச் சந்து இருந்தால் அந்த பாக்டீரியாவைக் காலிலேயே கொண்டுவந்து இறக்கிவிடும்.

ஆகவே புதுநுரை, இந்தத் தடவை தொடாதீர்கள். அடர்த்தி இறங்கி நின்றுவிட்டதா என்று இரண்டு மூன்று நாள் இடைவெளியில் அளந்து பாருங்கள். ஒரே எண் வந்ததும் தாமதிக்காமல் பாட்டிலுக்கு மாற்றுங்கள். வாளி காலியானதும் உட்கார்ந்து மூடியைப் பாருங்கள்.

புதுநுரை:

இருவருக்கும் நன்றி. நேற்று அளந்தேன், 1.022. இறங்கிக்கொண்டிருக்கிறது. நிம்மதி.

அப்படியானால் காலியானபிறகு என்னென்ன பார்க்க வேண்டும் என்று யாராவது சொன்னால் நன்றாக இருக்கும். புது வளையம் வாங்கிவிடலாமா?

குழாய்ச்சாவி:

வாங்குவதற்கு முன்னால் எங்கே கசிகிறது என்று கண்டுபிடியுங்கள். வளையம் வளையமாக வாங்கிப் போட்டும் கசிவு நிற்காமல், கடைசியில் ஏர்லாக் செருகும் ரப்பர் தக்கை வெடித்திருந்தது என்று தெரிந்தவர்கள் இந்தத் தளத்திலேயே இருக்கிறார்கள். கசிய இடம் நான்கு உண்டு: மூடி விளிம்பு, ஏர்லாக் தக்கை, குழாய் வாஷர், மூடியிலேயே விழுந்த விரிசல்.

காலி வாளியில் மூடியைப் போட்டு, ஏர்லாக்கில் கோடு வரை தண்ணீர் விட்டு, மூடியின் நடுவில் உள்ளங்கையால் மெதுவாக அழுத்திப் பிடியுங்கள். ஏர்லாக்கில் தண்ணீர் ஒரு பக்கம் ஏறும். கையை எடுக்காமல் பாருங்கள். ஏறிய தண்ணீர் அங்கேயே நின்றால் அடைப்பு சரி. நீங்கள் அழுத்திக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் பழைய மட்டத்துக்கு இறங்கினால் கசிவு. எவ்வளவு வேகமாக இறங்குகிறதோ அவ்வளவு பெரிய சந்து. கையை எடுக்கும்போது மெல்ல எடுங்கள், சடாரென்று விட்டால் ஏர்லாக் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

கசிவு உறுதியானால் அப்புறம் சோப்புத் தண்ணீர். தூரிகையால் விளிம்பு, தக்கை, குழாய் அடி எல்லாவற்றிலும் தடவி, மறுபடி அழுத்துங்கள். எங்கே நுரை பொரிகிறதோ அங்கே குறி போடுங்கள். வாளியில் தண்ணீர் நிரப்பிக் கவிழ்த்துப் பார்ப்பதும் ஒரு சோதனைதான், ஆனால் தண்ணீர் நிற்கும் இடத்தில் வாயு நிற்கும் என்று நினைத்துவிடாதீர்கள்.

இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்த வழி. வாளி விளிம்பைத் துடைத்துக் காயவிட்டு, அதன்மேல் சாக்பீஸ் தூளை விரலால் மெல்லிசாகத் தடவுங்கள். ரப்பர் வளையம் லேசான ஈரமாக இருக்கட்டும். மூடியை நேராக வைத்து அழுத்தி, திருகாமல் நேராகவே எடுங்கள். வளையத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு ஒட்டியிருக்கும். கோடு எங்கே அறுந்திருக்கிறதோ அங்கே வளையம் விளிம்பைத் தொடவே இல்லை. கோடு எங்கே அகலமாக இருக்கிறதோ அங்கே அளவுக்கு மீறி நசுங்குகிறது. பெரும்பாலும் இரண்டும் எதிரெதிரே இருக்கும், மூடி வளைந்திருக்கிறது என்று அர்த்தம்.

மூன்றாம்கொப்பரை:

இவ்வளவு எதற்கு? விளிம்பைச் சுற்றி சிலிக்கான் சீலன்ட் ஒரு கோடு இழுத்தால் முடிந்தது. வேலை முடிந்ததும் கத்தியால் கீறி எடுத்துக்கொள்ளலாம்.

குழாய்ச்சாவி:

குளியலறைக்கு விற்கும் சீலன்ட்டில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க மருந்து கலந்திருப்பார்கள். பீர் பக்கத்தில் அது வேண்டாம். உணவுத் தொடர்புக்கு உகந்தது என்று குறித்த வகை உண்டு, ஆனாலும் முழுசாக இறுகிக் காயாமல் பயன்படுத்தக் கூடாது. அசிட்டிக் வகை இறுகும்போது வினிகர் நெடி அடிக்கும், அந்த நெடி அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். நுரைத்துக்கொண்டிருக்கும் வாளியில் அதைச் செய்ய முடியாது. வாயு உள்ளிருந்து தள்ளிக்கொண்டே இருப்பதால் இறுகாத சீலன்ட்டில் துளை விழுந்துகொண்டே இருக்கும்.

பாலித்தீன் வாளியில் சிலிக்கான் உறுதியாக ஒட்டவும் ஒட்டாது. ஓரம் உரிந்து வரும், உரிந்த இடத்தில் அழுக்கு சேரும், அந்த அழுக்கைக் கிருமிநீக்கி எட்டாது. கசிவைவிட மோசமான இடத்தில் போய் நிற்பீர்கள்.

மூன்றாம்கொப்பரை:

சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மெல்லிய சமையல் பிளாஸ்டிக் படலத்தை வாளி வாயில் இழுத்துப் போட்டு, அதன்மேல் மூடியை அழுத்துவது எனக்கு நன்றாகவே வேலை செய்கிறது. நடுவில் ஏர்லாக்குக்கு ஒரு ஓட்டை.

பழையபீப்பாய்:

அது நல்ல தற்காலிக வழி, குறை சொல்ல மாட்டேன். படலம் மடிந்த இடத்தில் மட்டும் சந்து விழும், மடிப்பில்லாமல் இழுத்துப் போடுங்கள்.

புதுநுரை:

பாட்டிலில் அடைத்தாயிற்று, இறுதி அடர்த்தி 1.012. குழாய்ச்சாவி அண்ணா சொன்ன சாக்பீஸ் சோதனையைச் செய்தேன். படம் இணைத்திருக்கிறேன். கோடு இரண்டு இடத்தில் அறுந்திருக்கிறது. ஒன்று கைப்பிடி காது இருக்கும் இடம், அங்கே விளிம்பில் விரலை ஓட்டினால் நகத்தில் தட்டுப்படும் ஒரு பிசிறு இருக்கிறது, வார்ப்பு சேர்ந்த கோடு. இன்னொரு இடத்தில் ரப்பர் வளையம் பள்ளத்துக்குள் முறுக்கிக்கொண்டு படுத்திருக்கிறது. வெளியே எடுத்துப் பார்த்தால் ஒரு பக்கம் தட்டையாக நசுங்கிப்போயிருக்கிறது, மறுபக்கம் உருண்டையாகவே இருக்கிறது.

குழாய்ச்சாவி:

நல்ல படம். பிசிறை முதலில் எடுங்கள். கூரான பிளேடைச் சாய்த்துப் பிடித்து மேலாகச் சீவுங்கள், ஆழமாகப் போகாதீர்கள். அப்புறம் 400 எண் உப்புத்தாள், கடைசியில் 800, தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். விளிம்பின் நீளவாக்கில் தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் உள்ளிருந்து வெளியே போகும் கீறல்கள் விழும், ஒவ்வொரு கீறலும் வாயுவுக்கு ஒரு வாய்க்கால்.

வளையத்தைப் பொறுத்தவரை, குக்கர் கேஸ்கெட் தளர்ந்தால் திருப்பிப் போட்டுப் பார்ப்பதுபோல் இதையும் நசுங்கிய பக்கம் பள்ளத்துக்குள் போகும்படி திருப்பிப் போடலாம். அதற்கு முன் நல்ல சூடான நீரில் ஊறவைத்து எடுத்தால் முறுக்கு விடும். பள்ளத்தில் உலர்ந்த வோர்ட் பிசுக்கு இருக்கும், பழைய டூத்பிரஷ் போட்டுத் தேயுங்கள். வளையத்தை ஒரு முனையிலிருந்து சுற்றிக்கொண்டே போகக் கூடாது, கடைசியில் மிச்சம் வந்து மேடு கட்டும். எதிரெதிரே நான்கு இடத்தில் முதலில் அழுத்தி உட்காரவைத்து, பிறகு இடையில் உள்ளதைப் பங்கிட்டு அமுக்குங்கள்.

அதன்பிறகும் இடைவெளி இருந்தால் வளையத்தை எடுத்துவிட்டு, பள்ளத்தின் அடியில் டெஃப்லான் டேப் இரண்டு மூன்று அடுக்கு போட்டு, மேலே வளையத்தை வையுங்கள். வளையம் கொஞ்சம் உயரும். டேப் பீர் பக்கம் தொங்கக் கூடாது.

நுண்ணளவி:

ஓ-ரிங் (அடைப்புக்கான ரப்பர் வளையம்) பற்றி வேலையில் அன்றாடம் புழங்குகிறவன் என்பதால் கொஞ்சம் எண்ணோடு சொல்கிறேன்.

அசையாத மூடிக்கு வளையத்தின் தடிமனில் 15 முதல் 30 சதவீதம்வரை நசுங்கினால் நன்றாக அடைக்கும். 5 மில்லிமீட்டர் தடிமன் வளையம் என்றால், மூடியபின் அது இருக்கும் உயரம் சுமார் 4 மில்லிமீட்டராக வர வேண்டும். உங்கள் பள்ளத்தின் ஆழத்தை அளந்து, மூடி விளிம்புக்கும் வாளி விளிம்புக்கும் இடையே மிஞ்சும் சந்தைக் கூட்டினால் இந்த உயரம் கிடைக்கும். 10 சதவீதம்கூட நசுங்காத வளையம் பெயருக்குத்தான் இருக்கிறது. 40 சதவீதம் நசுங்கினால் மூடியைப் போடுவதே பெரும்பாடு, வளையமும் சீக்கிரம் தட்டையாகிவிடும்.

சரியான அளவில் கடையில் கிடைக்காவிட்டால் சிலிக்கான் வடம் வாங்கி நாமே செய்யலாம். வளையம் உட்காரும் வட்டத்தின் விட்டம் 300 மில்லிமீட்டர் என்றால் சுற்றளவு 942. அதைவிட ஒரு சதவீதம் கூட்டி 950-க்கு வெட்டுங்கள். இழுத்துப் போட்ட வளையம் மெலிந்து பள்ளத்தின் உள்சுவரை நோக்கிச் சுருங்கும், மெல்ல முட்டுக்கொடுத்து வைத்த வளையம் இடத்தில் நிற்கும். வெட்டு 45 பாகையில் சாய்வாக இருக்கட்டும், முட்டும் பரப்பு கூடும். ஒட்டுவதற்குச் சாதாரண உடனடிப் பசை உதவாது, சிலிக்கானில் அது பிடிக்காமல் கழன்றுவிடும். உணவுத் தொடர்புக்கு உகந்த சிலிக்கான் பசையே ஒட்டும். ஒட்டு காய்ந்ததும் துருத்திக்கொண்டிருப்பதைப் பிளேடால் சீவி வழவழப்பாக்குங்கள். ஒட்டு இடம் கைப்பிடி காது பக்கம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், அங்கே வளைவு ஒரே சீராக இருக்காது.

ஹாப்ஸ்கொடி:

நுண்ணளவி, சிலிக்கான் வழியாக ஆக்சிஜன் ஊடுருவும் என்று படித்திருக்கிறேன். இபிடிஎம் அல்லது நைட்ரைல் (இரண்டும் செயற்கை ரப்பர் வகைகள்) போட்டால் நல்லதல்லவா?

நுண்ணளவி:

ஊடுருவும், உண்மைதான். நைட்ரைலோடு ஒப்பிட்டால் சிலிக்கான் பல மடங்கு தாராளம். ஆனால் இந்த வாளியே பாலித்தீன், அதன் சுவர் முழுக்கவும் ஆக்சிஜன் கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது. ஓரிரு வாரம் வாளியில் இருக்கும் பீருக்கு இது பெரிய விஷயமில்லை. பல மாதம் ஊறப்போகிற பீர் என்றால் வளையத்தை மாற்றி என்ன பயன், அதைக் கண்ணாடிக்கோ எஃகுக் கலனுக்கோ மாற்றிவிடுங்கள். சிலிக்கான் நன்மை என்னவென்றால், சூடு தாங்கும், சீக்கிரம் தட்டையாகாது, ரப்பர் நெடி பீரில் இறங்காது.

மசகு பற்றியும் சொல்லிவிடுகிறேன், அது அடிக்கடி கேள்வியாக வருகிறது. வாசலினை இயற்கை ரப்பருக்கும் இபிடிஎம்முக்கும் போடாதீர்கள், உப்பிப்போகும். சிலிக்கான் வளையத்துக்குச் சிலிக்கான் கிரீஸ் போட்டாலும் நாளடைவில் அதே கதிதான். மூடி வாளிக்கு மசகே தேவையில்லை, கிருமிநீக்கிக் கரைசலில் நனைத்து ஈரத்தோடு போட்டாலே வளையம் வழுக்கி இடத்தில் உட்காரும்.

எஃகுக்கூம்பு:

நான் கிளாம்ப் போட்ட ஸ்டெயின்லெஸ் கூம்பு ஃபெர்மென்டர் வைத்திருக்கிறேன். எங்களுக்கும் இதே வம்புதான், ஆனால் தலைகீழாக. கிளாம்பை ஒரே பக்கமாக முழுசாக இறுக்கினால் எதிர்ப்பக்கம் கேஸ்கெட் பிதுங்கி வெளியே வரும். எதிரெதிர்க் கிளாம்பைப் பாதி பாதியாக, மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். கேஸ்கெட்டின் உதடு மேலா கீழா என்பதையும் பாருங்கள், சில மாதிரிகளில் ஒரு பக்கம்தான் சரி.

மூன்றாம்கொப்பரை:

வளையத்தோடு மல்லுக்கட்டாமல் மூடிமேல் கனமாக எதையாவது வைத்தால்? அல்லது பொருள் கட்டும் பட்டையால் வாளியோடு சேர்த்து இறுக்கிக் கட்டினால்?

பழையபீப்பாய்:

லேசாகக் கட்டலாம், ஆனால் அதற்கு முன் கணக்கைப் பாருங்கள். 30 சென்டிமீட்டர் விட்ட மூடியின் பரப்பு சுமார் 700 சதுர சென்டிமீட்டர். ஏர்லாக் ஒழுங்காக வேலை செய்யும்போது மூடியைத் தூக்கும் விசை 2 கிலோ அளவுதான். நுரை மேலேறி ஹாப்ஸ் துணுக்கு ஏர்லாக்கை அடைத்துக்கொண்டால் அழுத்தம் ஏறும், 1 பிஎஸ்ஐ ஏறினாலே மூடியை 50 கிலோ தூக்கும். கட்டாத மூடி அதற்கெல்லாம் முன்பே ஒரு ஓரம் விட்டுக்கொடுத்துவிடும். பட்டை போட்டு இறுக்கிய மூடி விடாது, விடும்போது கூரையில் ஹாப்ஸ் அபிஷேகம்தான்.

நுரை அதிகம் கட்டும் பீர் என்றால் முதல் சில நாள் ஏர்லாக்கைக் கழற்றிவிட்டு, அகலமான குழாயைச் செருகி, மறுமுனையைக் கிருமிநீக்கி நீர் உள்ள குடுவையில் முக்கி வையுங்கள். அப்புறம் பட்டையோ எடையோ உங்கள் இஷ்டம். கட்டினாலும் நடுவில் எடை வைப்பதைவிட விளிம்பில் சமமாக அமுக்கும் பலகை மேல். நடுவில் அமுக்கினால் மெல்லிய மூடி கிண்ணமாகக் குழிந்து, ஓரம் மேலே கிளம்பும்.

ஹாப்ஸ்கொடி:

மூடியே வளைந்திருந்தால் என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லையே. கொதிக்கும் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறவர்களின் மூடிதான் பெரும்பாலும் வளைகிறது. கண்ணாடிப் பலகைமேல் மூடியைக் கவிழ்த்து வைத்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால் வளைவு. கை பொறுக்காத அளவு சூடான, ஆனால் கொதிக்காத நீரில் மூடியைக் கொஞ்ச நேரம் முக்கி, இளகியதும் வாளியில் போட்டு நாலாபுறமும் அமுக்கி, அப்படியே ஆறவிடுங்கள். லேசான வளைவு இதில் சரியாகும். பள்ளமே கோணியிருந்தால் சரியாகாது, புது மூடி வாங்குவதுதான் வழி.

புதுநுரை:

சொன்னதையெல்லாம் செய்தேன். பிசிறு போயிற்று, வளையத்தை ஊறவைத்துத் திருப்பிப் போட்டேன், அடியில் டெஃப்லான் இரண்டு அடுக்கு. சாக்பீஸ் கோடு இப்போது அறுபடாமல் முழு வட்டமாக வருகிறது. அழுத்திப் பிடித்தால் ஏர்லாக் தண்ணீர் ஏறி நிற்கிறது. ஆனால் முழுசாக நிற்கவில்லை, ரொம்ப மெதுவாக இறங்குகிறது. விளிம்பில் சோப்பு நுரை பொரியவில்லை.

அடுத்த பீரைப் பாட்டிலுக்கு முன்னால் 2 பாகை செல்சியஸ் வரை குளிரவைக்கலாம் என்று இருக்கிறேன். இந்தக் கசிவோடு செய்யலாமா?

பழையபீப்பாய்:

குளிரவைக்கும்போதுதான் அடைப்புக்கு உண்மையான சோதனை. 20 பாகையிலிருந்து 2-க்கு இறங்கினால் மேலே இருக்கும் வாயு சுமார் 6 சதவீதம் சுருங்கும். அதோடு குளிர்ந்த பீர் கார்பன் டை ஆக்சைடை இன்னும் கூடுதலாகக் கரைத்துக்கொள்ளும். இரண்டும் சேர்ந்து உள்ளே வெற்றிடம் இழுக்கும், மூடியில் சந்து இருந்தால் அந்த வழியாகக் காற்று போகும். சந்தே இல்லாவிட்டாலும் ஏர்லாக் நீரையும் அதன் பின்னால் காற்றையும் இழுக்கும், அதனால் அடைப்பு மட்டும் போதாது. ஏர்லாக் இடத்தில் கார்பன் டை ஆக்சைடு நிரப்பிய பை ஒன்றை மாட்டி வைப்பவர்கள் உண்டு. நொதிக்கும்போது வெளியேறும் வாயுவையே அதில் பிடித்துக்கொள்வார்கள். பை நிறைய வேண்டுமென்றாலும் மூடி கசியக் கூடாது, எனவே அந்த மெதுவான இறக்கத்தை முதலில் பிடியுங்கள்.

குழாய்ச்சாவி:

விளிம்பில் இல்லையென்றால் தக்கையைப் பாருங்கள். ஏர்லாக் தண்டை விரலால் இப்படியும் அப்படியும் அசைத்தால் தண்ணீர் மட்டம் துள்ளுகிறதா? ரப்பர் தக்கையை வெளியே எடுத்து மடக்கிப் பாருங்கள், உள்விளிம்பில் மெல்லிய வெடிப்பு இருந்தால் மாற்றிவிடுங்கள். தக்கை நன்றாக இருந்தால் மூடியில் துளையிட்ட ஓரத்தில் பிசிறு இருக்கும், அதையும் உப்புத்தாளால் தேயுங்கள்.

புதுநுரை:

துள்ளுகிறது. தக்கையை மடக்கினால் உள்பக்கம் முழுக்க வெடிப்பு. புதுத் தக்கைக்கு எந்த அளவு கேட்பது?

குழாய்ச்சாவி:

இரண்டு அளவு வேண்டும்: மூடித் துளையின் விட்டம், ஏர்லாக் தண்டின் விட்டம். தண்டு கீழே மெலிந்து மேலே தடித்திருக்கும், செருகியபின் தக்கை நிற்கும் இடத்தில் அளந்துகொள்ளுங்கள். விட்டம் அளக்கும் கேலிப்பர் இல்லாவிட்டால் பழைய தக்கையையும் ஏர்லாக்கையும் கையோடு எடுத்துப்போய்ப் பொருத்திப் பாருங்கள். மூடியின் தடிமனையும் சொல்லுங்கள், தக்கையின் பள்ளம் அதைவிட அகலமாக இருந்தால் மறுபடி ஆடும்.